மூன்று வரியில் ஒரு போர்

சங்க விதிமுறைகள், பதினொன்றாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: பிற சங்கங்களிடமிருந்து வரும் கடிதங்கள் செயற்குழுவின் முன் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும், சுருக்கமோ விளக்கமோ அந்த வாசிப்புக்கு ஈடாகாது.

நல்ல விதி. ஐயத்துக்கு இடம் வைக்காத வாசகம். எழுதியவன் நான் என்பதால் நானே புகழ்வது முறையல்ல. ஆனால் மீறியவனும் நானே. ஆகவே இரண்டும் சரிக்குச் சரி. அந்த மீறலின் பயனாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, கிள்ளானில் ஒரு சங்க மண்டபத்தில், ஒரு வெல்டரின் வலது கையிலிருந்து மூன்று விரல்கள் வெட்டுப்பட்டு விழுந்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை நான் மேடையில் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி எப்படி ஒரே நாடாயிற்று என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அரசாங்க இலாகாவில் இருந்தவன் நான். என் தகப்பனார் ரயில்வேயில், அவருடைய தகப்பனார் நில அளவையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் இது சர்க்கரை வியாதி போல, தப்ப முடியாது. பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு படித்துப் பட்டம் வாங்கினேன். இலாகாவில் ஒருநாளும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஓய்வு பெற்றபின், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நாளிதழின் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் லோரி முதலாளி ஒருவர் படியேறி வந்தார்.

அவர் கிள்ளானில் ஒரு சங்கத்தின் தலைவர். அவர் சமர்ப்பித்த விதிமுறைத் திருத்தம் சங்கப் பதிவகத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்திருந்தது. நான் ஒன்பதே நாளில் சரிசெய்து கொடுத்தேன். பதினொன்றாம் பிரிவு அப்போது நான் சேர்த்ததுதான். அவர் மகிழ்ந்து என்னைச் சங்கத்தின் கௌரவ ஆலோசகராக்கினார். கௌரவம் என்றால் கொமுட்டர் ரயிலுக்கு நானே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று பொருள்.

அந்த வட்டாரத்தில் ஏழு சங்கங்கள் இருந்தன. ஏழு ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது ஆட்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். சங்கங்களும் பெயர்ப்பலகையோடு வந்தன. மூன்று கிலோமீட்டருக்குள் ஏழு தலைவர்கள், ஏழு ஆண்டு விருந்துகள், ஏழு காற்பந்துக் குழுக்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஹெல்மெட்டால் அடித்துக்கொள்வார்கள். நான் ஆலோசகரான மாதத்தில், பதாகை கட்டும் இடம் குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டில் ஒருவருக்குத் தாடை உடைந்தது. உடைத்தவரே ரத்தம் கொடுக்கவும் போனார் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

தலைவருக்கு ஏழையும் ஒன்றாக்க வேண்டும் என்ற ஆசை.

"சார், நீங்க ஹிஸ்டரி படிச்சவங்கதானே. துண்டு துண்டா கெடந்தது எங்கயாச்சும் ஒண்ணா ஆயிருக்கா?"

"இத்தாலி ஆயிருக்கு. ஜெர்மனி ஆயிருக்கு."

"எது ஸ்ட்ராங்கா ஆச்சு?"

"அந்தக் காலத்துல ஜெர்மனிதான்."

"அப்ப அதையே சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம். எல்லாச் சங்கத்துக் கமிட்டியையும் வரச்சொல்றேன். கறிபாப் இருந்தா வருவானுங்க லா."

வந்தார்கள். நாற்பது பேர்வரை. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் தேநீரும், கறி அடைத்துப் பொரித்த கறிபாப்பும் போட்டுக் கொடுப்பார். முதல் ஞாயிறு, முப்பத்தொன்பது குட்டி அரசுகள் ஒரே மொழி பேசிக்கொண்டு ஒன்றையொன்று வெறுத்த கதையைச் சொன்னேன். "நம்ம கதைதான்" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். முதலில் அவர்கள் சுங்க வரியை ஒன்றாக்கினார்கள் என்றேன். அதைக் கேட்ட வேகத்தில், ஏழு சங்கங்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கூடாரங்களையும் பொதுவில் வைத்துக்கொள்வதென்று அன்றே முடிவாயிற்று. நாற்காலி ஒன்றியம் என்று நான் மனத்துக்குள் பெயர் வைத்தேன். வரலாறு ஒருவருக்குப் பயன்பட்டதை என் வாழ்நாளில் முதல்முறை கண்டேன். கொஞ்சம் தலைக்கேறியது என்பதை மறைக்கவில்லை.

கவிஞர்கள், பல்கலைக்கழகங்கள், மாணவர் கொடிகள் பற்றி இரண்டாம் வாரத்துக்குத் தயாரித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. படுத்தபடியே குண்டு நிரப்பக்கூடிய பிரஷ்யத் துப்பாக்கியையும், எழுந்து நின்று நிரப்பிய ஆஸ்திரிய வீரர்கள் ஏழு வாரத்தில் சரிந்ததையும் சொன்னபோது பின்வரிசை நாற்காலிகள் முன்னால் நகர்ந்து வந்தன. நானும் அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்தேன். கிழிந்த வயிறுகளையும் மருத்துவமனைக் கூடாரங்களையும் சேர்த்தே கொடுத்தேன். எழுபத்தொரு வயதில் கைதட்டல் என்பது மோசமான பழக்கம்.

மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு வெல்டர் உட்கார்ந்திருப்பார். ஏழில் மிகச் சிறிய சங்கத்தின் தலைவர். ஐம்பத்தெட்டு வயது. முன்கை முழுதும் தீப்பொறி பட்ட புள்ளிகள். அவருடைய சங்கத்திடம் இருந்த ஒரே சொத்து, பழைய வேன் ஒன்றை அவரே வெட்டி ஒட்டிச் செய்த சவ வண்டி. சாவு விழுந்த வீட்டுக்கு அரை மணி நேரத்தில் அந்த வண்டி வந்து நிற்கும். வேறு எந்தச் சங்கத்திடமும் சவ வண்டி கிடையாது. ஆகவே எல்லாரும் அவர்மீது பொறாமைப்பட்டார்கள், எல்லாரும் ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, எல்லாம் ஒண்ணா சேர்ந்தப்போ சின்ன ராஜாங்கல்லாம் என்னா ஆனாங்க?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

பவேரியா தன் தபால் துறையையும் ரயிலையும் பீர் வரியையும் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் சேர்ந்தது என்றேன்.

"அப்ப கேட்டு வாங்கலாம்னு சொல்லுங்க."

"கேட்கலாம்."

"பீர் வரியாம்" என்று யாரோ பின்னால் கத்தினார். "அண்ணே, உங்களுக்குப் பொண வரி போட்டுக் குடுத்துடுறோம்."

வெல்டரும் சேர்ந்துதான் சிரித்தார்.

நான்காம் ஞாயிறு, எம்ஸ் தந்தி. ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டு ஜூலை மாதம், எம்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பிரஷ்ய அரசரைப் பிரெஞ்சுத் தூதர் சந்தித்து ஓர் உறுதிமொழி கேட்கிறார். அரசர் பணிவாகவே மறுக்கிறார். பிறகு, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று சேவகர் மூலம் தெரிவிக்கிறார். நடந்ததை விவரித்து பெர்லினில் இருந்த முதலமைச்சருக்குத் தந்தி போகிறது. அவர் இரண்டு தளபதிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பென்சிலை எடுத்துத் தந்தியில் இருந்த மரியாதையை எல்லாம் வெட்டிவிடுகிறார். மிச்சத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கிறார். அதைப் படித்த பிரெஞ்சுக்காரனுக்குத் தன் தூதரைத் துரத்திவிட்டதாகத் தோன்றுகிறது. ஜெர்மானியனுக்குத் தன் அரசரை மிரட்டியதாகத் தோன்றுகிறது. ஒரு வாரத்தில் போர். அடி முதலில் பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து வந்தது என்பதால், அதுவரை ஒதுங்கி நின்ற தெற்கு அரசுகளும் பிரஷ்யாவோடு சேர்ந்துகொண்டன. போர் முடிவதற்கு முன்பே நாடு ஒன்றாகிவிட்டது.

தலைவர் முன்வரிசையில் கைபேசியைத் தொடைமேல் வைத்திருந்தார். "அவரு எதையும் சேர்க்கலயா சார்?"

"சேர்த்தாருன்னு சொல்ல முடியாது. வெட்டினாரு."

"அப்ப பொய் இல்ல."

"பொய் இல்ல."

அவர் ஏதோ தட்டி வைத்துக்கொண்டார். நல்ல மாணவர் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை வெல்டர் பிரிக்பீல்ட்ஸ் வந்து, இணைப்பு குறித்த தம் சங்கத்தின் பதிலை என்னிடம் நேரில் கொடுத்தார். கோடு போட்ட தாளில், பேனாவால், இரண்டு பக்கம். இணைப்பு நல்ல எண்ணம்தான் என்று தொடங்கியிருந்தார். இந்த ஆண்டு எங்களால் முடியாது, ஏனென்றால் எங்கள் உறுப்பினர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்கள் இருக்கும்வரை சங்கத்தின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். வண்டியை ஒப்படைக்க மனம் வரவில்லை, ஆனால் எந்தச் சங்கத்துச் சாவுக்கும் முன்போலவே வரும். இதற்குமேல் எழுத்தில் பேச வேண்டாம். சனிக்கிழமை எல்லாத் தலைவர்களும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், என் மனைவி நண்டு சமைப்பாள், உட்கார்ந்து பேசினால் ஏதாவது வழி பிறக்கும். கீழே கையெழுத்து.

அன்று மாலை தலைவர் அழைத்தார். "சார், மூணு வரியில போட்டு அனுப்புங்க. ரெண்டு பக்கம் யாரு படிப்பா. இவனுங்க வாட்ஸ்அப்ல மூணு வரிக்கு மேல போனா தூங்கிடுவானுங்க."

இலாகாவில் என்னைப் போல் கூட்டக் குறிப்பு எழுதியவர் கிடையாது. வணக்கம், வருத்தம், விருந்து, நண்டு எதுவும் குறிப்பில் ஏறாது. முடிவுகள் மட்டுமே ஏறும். என் கை தானாக எழுதியது.

"இணைப்புக்கு இச்சங்கம் இவ்வாண்டு உடன்படவில்லை. வாகனம் ஒப்படைக்கப்படமாட்டாது. இதற்குமேல் எழுத்துவழிப் பேச்சு தேவையில்லை என்று தெரிவித்துள்ளனர்."

அனுப்பிவிட்டுத் தோசை சாப்பிட்டேன். நான் செய்தது என்னவென்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளுக்கு முன்புதான் அதே விஷயத்தை ஒன்றரை மணி நேரம் விளக்கியிருந்தேன்.

தலைவர் அதை அப்படியே ஏழு சங்கங்களின் பொது வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் அந்தக் குழுவில் இல்லை, பிறகு காட்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குரல்பதிவுகள். "பொண வண்டிய வச்சிக்கிட்டு பெரிய ராஜா மாதிரி பேசுறான்" என்பது அவற்றில் அச்சிடத்தக்கது. வெள்ளிக்கிழமை வெல்டரின் சங்க அறைச் சன்னலில் செங்கல் விழுந்தது. சனிக்கிழமை விடியற்காலை, அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில் சவ வண்டி எரிந்தது. டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தத்தில் நான்கு மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். யார் கொளுத்தியது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அன்று மாலை விருந்துக்கு யாரும் போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அதே சனிக்கிழமை மதியம் அவர்களுடைய உறுப்பினர் ஒருவர், எண்பது தாண்டிய அம்மாள், இறந்துபோனார். ஞாயிறு பிற்பகல் அவரைக் காய்கறி லோரியில் ஏற்றி மின்சுடலைக்குக் கொண்டுபோனார்கள். லோரியின் பக்கப்பலகையில் முட்டைக்கோஸ் படம் வரைந்திருந்ததாம். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்களாம்.

மின்சுடலையிலிருந்து அவர்கள் நேராக எங்கள் மண்டபத்துக்கு வந்தார்கள்.

நான் திரையில் பிரான்சின் வரைபடத்தைக் காட்டி, எந்தப் பள்ளத்தில் பிரெஞ்சுப் படை சிக்கியது என்று குச்சியால் தொட்டுக்கொண்டிருந்தேன். கதவு இடித்துத் திறந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். நெற்றியில் திருநீறு, தோளில் வியர்வைத் துண்டு, கையில் இரும்புக் குழாய். எங்கள் ஆட்கள் முதலில் பார்த்தது குழாயை அல்ல. "குளிக்காம வந்துட்டானுங்கடா" என்று ஒருவர் அலறினார். முன்வரிசையில் இருந்தவர்கள் தீட்டுக்குப் பயந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்த இரண்டு நொடியில் எல்லாரும் வெளியே ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகு அடி விழுந்தது.

புத்தகத்தில் படித்த போர்களில் அணிகள் உண்டு, இடப்புறம் வலப்புறம் உண்டு. இங்கே பிளாஸ்டிக் நாற்காலி உடையும் சத்தமும், எலும்பில் இரும்பு படும் சத்தமும் வேறு வேறு என்பதை மட்டுமே தெரிந்துகொண்டேன். ஒருவர் காதைப் பிடித்தபடி என் மேசைக்கு அடியில் நுழைந்தார். காதின் பாதி அவர் கையில் இருந்தது. நானும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன். தேநீர் டிரம் கவிழ்ந்து ஒருவர் முதுகு வெந்தது. புரொஜெக்டர் சாய்ந்து, வரைபடம் கூரைக்குப் போனது.

வெல்டர் கடைசியாக ஓடிவந்தார். சட்டை இல்லை, வேட்டி மட்டும், கையில் ஒன்றுமில்லை. முன்னே நின்ற முப்பது வயதான தம் அக்கா மகனின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, அவனைக் கன்னத்தில் ஓர் அறை அறைந்து கதவுப் பக்கம் தள்ளினார். பிறகு குழாயோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று, "நிறுத்துங்கடா, போதும்டா" என்று கத்தினார். நான் இதை முழுதாகப் பார்த்தேன். மேசைக்கு அடியிலிருந்து பார்வை நன்றாக இருந்தது. அப்போது தலைவரின் லோரி ஆள் ஒருவர் பக்கவாட்டில் வந்து, குழாயைப் பிடித்திருந்த கையில் பாராங் கத்தியை இறக்கினார்.

குழாய் விழுந்தது. வெல்டர் குனிந்து எதையோ தேடினார். தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போலத் தேடினார். அதைப் பார்த்துத்தான் அடிதடி நின்றது.

தேநீர்க்கார அக்கா ஐஸ் தேநீர் கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் ஐஸை அள்ளிப்போட்டு என்னிடம் நீட்டினார். "அங்கிள், நீங்க எடுங்க." இரண்டு விரல்களை நாற்காலிகளுக்கு நடுவே எடுத்துப் பையில் போட்டேன். பையின் வாயைச் சிவப்பு நாடாவால் கட்டினேன், தேநீர் கட்டுவதுபோலவே. மூன்றாவது, மறுநாள் பெருக்கும்போதுதான் கிடைத்தது. மருத்துவமனையில் ஒன்றை மட்டும் ஒட்டவைத்தார்கள்.

அன்று மாலை போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலம் எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தலைவர். அவருக்குப் பின்னால் நான்கு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவருடைய சட்டைக் கையில் இன்னும் ஈர ரத்தம். "நடந்தத மட்டும் சொல்லுங்க சார். சுருக்கமா" என்றார் தலைவர். சொன்னேன். வெல்டர் மண்டபத்துக்குள் வந்தார். அவர் கையில் இரும்புக் குழாய் இருந்தது. பிறகு அவர் வெட்டப்பட்டார். மூன்று வாக்கியமும் உண்மை. கையெழுத்திட்டேன். யாரோ எடுத்த பதினோரு விநாடிக் காணொளியிலும் அவர் குழாயோடுதான் நின்றார். தண்டனைச் சட்டம் நூற்று நாற்பத்தெட்டாம் பிரிவு, ஆயுதத்தோடு கலவரம் செய்தல்: முதல் குற்றம்சாட்டப்பட்டவர் வெல்டர்.

அடுத்த ஞாயிறு, பினாயில் வாசம் போகாத அதே மண்டபத்தில், மற்ற ஆறு சங்கங்களும் ஒரே மனதாக ஒன்றாயின. எல்லாரும் எழுந்து நின்றார்களாம், சிலர் அழுதார்களாம். நம்மை அடிக்க வந்தவனுக்கு இதுதான் பதில் என்று தலைவர் பேசினாராம். தீர்மானத்தின் வாசகம் என்னுடையது. ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். நான் போகவில்லை. அன்று மருத்துவமனைக்குப் போனேன்.

வெல்டரின் கை தலையணைமேல் வெள்ளை மூட்டையாகக் கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து கைபேசியில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, லெட்டர்ல சாப்பிட வாங்கன்னு எழுதுனேனே. படிச்சீங்கதானே?"

"படிச்சேன்."

"அப்ப அவங்க படிக்கல."

நான் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தேன்.

"கொழாய நான் புடுங்குனதப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பாலாய்ல சொன்னீங்கல்ல?"

போலீஸ் நிலையத்தைத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"விடுங்க. கிராணி வீட்டு ஆளுங்கதானே. எங்கப்பா காலத்துல தோட்டத்து ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, முழு நாள் வேல செஞ்சவனுக்கு அரைநாள் கூலின்னு அரைப்பேரு போட்டீங்க. இப்ப அரைக் கை. ஆரஞ்ச எடுத்துட்டுப் போங்க அங்கிள்."

எடுத்துக்கொண்டு போனேன். என் தகப்பனார் தோட்டத்துக் கிராணி இல்லை, ரயில்வே என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரே வேலை. குழாயைப் பிடுங்கியதை நான் பார்த்தேன் என்று சொன்னால் அந்த மனிதர் சிறைக்குப் போகமாட்டார். போலீஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போனேன். "அங்கிள், ஃபைல் மேல போயிடுச்சு. இப்ப வந்து ஞாபகம் வருதா?" என்றார் அதிகாரி. ஆகவே அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். ஏழு பக்கம், நான்கு இணைப்புகள். வெல்டரின் மூலக் கடிதம், என் மூன்று வரிச் சுருக்கம், நான் மேசைக்கு அடியிலிருந்து கண்டதன் விவரம், மண்டபத்தின் வரைபடம். என் தவறுகளை எண்ணிட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த மனு அதுதான். பதவி சார்ந்து எழுதும் கடிதம் பதவியின் முகவரித்தாளில் இருக்க வேண்டும் என்பது முறை. நான் சம்பவ இடத்தில் இருந்தது சங்கத்தின் ஆலோசகராக. எனவே சங்கத்தின் முகவரித்தாளில் அச்சடித்து அனுப்பினேன்.

தலைவர் அழைத்தார். மனுவைப் பற்றிப் போலீஸ் நிலையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரலில் கோபமில்லை, வருத்தம் மாதிரி இருந்தது. "என்னா சார் இப்படிப் பண்றீங்க. நான் ஒரு வார்த்தை சேர்த்தேனா? நீங்க எழுதுனத அப்படியேதானே போட்டேன். நீங்கதானே சொன்னீங்க, அது பொய் இல்லன்னு."

மறுவாரம் காலையில் பிரிக்பீல்ட்ஸில் ரொட்டி வாங்கப் போகும்போது ஒரு மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறியது. பின்னால் இருந்தவர் தம் ஹெல்மெட்டைக் கழற்றி, நிதானமாக, என் வாயில் இரண்டு முறை அடித்தார். கீழே விழுந்தபின் விலாவில் உதைத்தார். முன்பற்கள் இரண்டும் ஒரு விலா எலும்பும் உடைந்தன. "யாழ்ப்பாணத்தாருக்குப் பேச்சு அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வலியில் முதலில் தோன்றியது, வண்டியின் எண்ணைக் குறிக்கவில்லையே என்பதுதான். ஒரு வாரம் கழித்து நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அதையும் அதே முகவரித்தாளில்.

வழக்கு நான்கு முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் வெல்டர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, மனைவியோடு காலை எட்டு மணிக்கு நீதிமன்ற நடையில் உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு முறை என்னைப் பார்க்காததுபோல் இருந்தார். மூன்றாம் முறை என் வாயில் பல் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"பதில் வந்துச்சா ஐயா?"

"வரும். பதினாலு வேல நாள்ல வரணும்னு முறை."

"இப்ப எத்தன நாளாச்சு?"

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் பரிசீலனையில் இருக்கும் விஷயத்துக்குத் தொலைபேசியில் தொந்தரவு கொடுப்பவர்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் மட்டமாக நினைத்தவன் நான். காத்திருந்தேன்.

ஐந்தாம் முறை அவர் என்னிடம் சொன்னார்: "ஒத்துக்கப்போறேன் ஐயா. ஆறு மாசம்னு வக்கீல் சொல்றாரு. உள்ள போயிட்டு வந்துடுறேன். இழுத்துக்கிட்டே இருக்க முடியல லா. எம்பொண்டாட்டிக்கு இந்தப் பெஞ்சுல உக்காந்து முதுகு போச்சு."

"இன்னும் ஒரு மாசம் பொறுங்க."

"பொறுத்து?"

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டு புரிகிறதா என்று நீதிபதி கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். வாயால் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். ஆறு மாதம். காவலர் விலங்கு மாட்டும்போது வலது கையில் எப்படி மாட்டுவது என்று கொஞ்சநேரம் குழம்பினார்.

உள்ளே மூன்றாம் வாரத்தில், எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் அந்தக் கையைக் கழிப்பறைக் கதவில் வைத்து அறைந்து சாத்தினான். அவன் அந்த ஞாயிறு தேநீரில் முதுகு வெந்தவனின் தம்பி என்று பிறகு தெரிந்தது. ஒட்டவைத்த விரலை எடுத்துவிட்டார்கள். நான்கு மாதத்தில் நன்னடத்தையின்பேரில் வெளியே வந்தார். அவர் மனைவி மட்டும் போய் அழைத்துவந்தார். வெல்டிங் வேலையை அவருடைய அக்கா மகன் பார்க்கிறான். இவர் இடது கையால் முகமூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

அவர் வெளியே வந்த சில வாரங்களில், மண்டபத்து அக்கா ஒரு பழுப்பு உறையோடு என் வீட்டுப் படியேறி வந்தார். சங்க அலுவலகத்தின் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது விருந்து அழைப்பிதழ்களுக்கு அடியில் கிடந்ததாம். என் பெயர் இருந்ததால் எடுத்துவந்தாராம். "ஏற்கெனவே யாரோ பிரிச்சிருக்காங்க அங்கிள். நான் பிரிக்கல." உறையின்மேல் என் பெயர், என் பதவி, அதன்கீழ் முகவரித்தாளில் இருந்தபடி சங்க மண்டபத்தின் முகவரி. அலுவலகம் முறைப்படிதான் அனுப்பியிருந்தது.

உள்ளே ஒரே தாள். என் மனுவும் இணைப்புகளும் பரிசீலிக்கப்பட்டன. முதல் குற்றம்சாட்டப்பட்டவர்மீதான குற்றச்சாட்டைத் தொடர அலுவலகம் விரும்பவில்லை. அடுத்த விசாரணை நாளில் அது மீட்டுக்கொள்ளப்படும். அதற்குமுன் நான் நேரில் வந்து வாக்குமூலத்தை உறுதிசெய்ய வேண்டும். கடிதத்தின் தேதி, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட நாளுக்கு ஒன்பது நாள் முந்தையது. என் கைக்கு வந்தது மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.